பொன்னுக்கு வீங்கி... எத்தனை மாசத்துக்கு?

குழந்தைக்குக் காதுக்கு முன்னால் கன்னம் வீங்கினால் போதும், நம்மூரில் தீர்ப்பு ரெடி. "பொன்னுக்கு வீங்கிதான்! கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போடு, வேப்பிலையை அரைத்துப் பூசு." பத்து நாளில் வீக்கம் வற்றிவிடும். அது தானாகவே வற்றக்கூடிய வைரஸ் நோய். ஆனால் பேர் வாங்குவது சங்கிலி!

சரி, வற்றாத வீக்கத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் கொடுமை ஆரம்பிக்கிறது.

பொன்னுக்கு வீங்கி என்றால் பொதுவாகக் காய்ச்சல் இருக்கும், வலி இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. கெட்டியாக ஒரு கட்டி, மெதுவாக வளரும். "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். வலிக்காததுதான் கவனிக்க வேண்டிய விஷயம் என்று யார் சொல்வது?

அடுத்த வாதம்: "குழந்தைக்கெல்லாம் கேன்சரா? அபூர்வம்ப்பா!" அபூர்வம்தான். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் 100-க்கு 5-க்கும் குறைவாகவே குழந்தைகளிடம் வருகின்றன. ஆனால் கணக்கின் மறுபாதியையும் பாருங்கள். பெரியவர்களின் பரோடிட் சுரப்பிக் கட்டிகளில் சுமார் நாலில் ஒன்று புற்று. குழந்தைகளிடம், ரத்தக்குழாய்க் கட்டிகளை ஒதுக்கிவிட்டால், அந்த விகிதம் இன்னும் அதிகம். சில ஆய்வுகளில் பாதி வரை! கட்டி வருவதுதான் அபூர்வம். வந்த கட்டியை அலட்சியம் செய்ய அது காரணமே இல்லை.

இவற்றில் அதிகம் காணப்படுவது மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா. குழந்தைகளிடம் பெரும்பாலும் வீரியம் குறைந்த வகையாகவே இருக்கும். அறுவை சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதும். 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இவ்வளவு நன்றாகக் குணமாகும் நோயை முற்றவிடுவது அநியாயமில்லையா?

கட்டியைக் "கீறி விட்டால் சரியாகும்" என்பவர்கள் இன்னும் ஆபத்து. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது. அது அறுபட்டால் கண் மூடாது, வாய் கோணிவிடும். "ஊசி குத்தினால் பரவும்" என்ற பயமும் வேண்டாம். மெல்லிய ஊசிச் சோதனையால் பரவுவது மிக மிக அரிது.

"இப்படி எழுதினால் எல்லாரும் பயந்துவிடுவார்கள்" என்பார்கள். முதல் நாளே யாரும் பயப்பட வேண்டாம். வீக்கம் இரண்டு மூன்று வாரத்தில் வற்றவில்லையா, காது-மூக்கு-தொண்டை டாக்டர், ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அவ்வளவுதான். சிறுவயதில் ரத்தப் புற்றுக்குக் கதிர்வீச்சோ கீமோவோ பெற்ற பிள்ளை என்றால் அந்தக் காத்திருப்பும் வேண்டாம். பல வருடம் கழித்தும் இது வரலாம்.

சங்கிலி கழுத்தில் கிடக்கட்டும், பாதகமில்லை. வீங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.