பூட்டிக் கிடக்கும் கட்டடம் கலைக்கூடம் ஆகணுமா? பெயின்ட்டுக்கு முன்னாடி ஆள் சேருங்க!

உங்க ஏரியாவிலும் அப்படி ஒண்ணு இருக்கும். ஷட்டர் இறக்கின பழைய தியேட்டர், சுவரில் அரசமரம் முளைச்ச அரசு அலுவலகம், யாரும் போகாத சமுதாய நலக்கூடம்... கடந்து போகும்போதெல்லாம் 'இதை உருப்படியா ஏதாவது பண்ணலாமே' என்று தோன்றும். ஒரு போட்டோ எடுத்து ஸ்டோரி போடுவோம். பத்துப் பேர் ஹார்ட் விடுவாங்க. அத்தோடு முடிஞ்சது.

அந்தப் பத்துப் பேரை வைத்து என்ன செய்ய முடியும்? அதுதான் இந்தக் கட்டுரை.

ஊர் கூடிக் கட்டிய ஹால்

சென்னை சென்ட்ரல் பக்கத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கும் சிவப்புக் கட்டடம் விக்டோரியா பப்ளிக் ஹால். வடிவமைத்தவர் ராபர்ட் சிஸ்ஹோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1880-களில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டப்பட்டது. ஒரு வகையில் அந்தக் காலத்து கிரவுட் ஃபண்டிங்!

பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா இங்கே நாடகம் போட்டது. சென்னையின் ஆரம்பகால சலனப்படக் காட்சிகளும் இங்கே நடந்தன. அப்படிப்பட்ட இடம் பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவு செய்து அதைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. நல்ல விஷயம், பாராட்டலாம்.

ஆனால் நாம கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஹால் பூட்டப்பட்டபோது அதன் செங்கல் அப்படியேதான் இருந்தது. அங்கே தினமும் வந்துபோக வேண்டியவர்கள்தான் இல்லாமல் போனார்கள். புழக்கம் நின்ற கட்டடத்தில் யாரும் ஓட்டை மாற்ற மாட்டார்கள், ஒழுகலை அடைக்க மாட்டார்கள். ஆக, புதுப்பித்தல் பாதி வேலைதான். மீதிப் பாதி, திறந்த மறுநாள் காலையில் உள்ளே யார் இருப்பார்கள் என்பது.

குண்டு செய்த இடத்தில் ஓவியம்

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில், பொட்டோமேக் ஆற்றங்கரையில் ஒரு டார்பிடோ தொழிற்சாலை. கப்பல்களைத் தகர்க்கும் ஆயுதம் தயாரித்த இடம். போர் முடிந்ததும் அரசு ஆவணங்களைப் போட்டுவைக்கும் கிடங்கானது. 1969-ல் நகர நிர்வாகம் அதை வாங்கியது. ஆனால் வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதில் தெளிவு இல்லை.

அப்போது உள்ளூர் ஓவியர் சங்கத்தின் தலைவராக இருந்த மரியன் வான் லேண்டிங்ஹாம், 'ஓவியர்களுக்கு ஸ்டூடியோவாக வாடகைக்குக் கொடுங்கள், அவர்கள் வேலை செய்வதை மக்கள் வந்து பார்க்கட்டும்' என்று யோசனை சொன்னார். 1974-ல் கலைஞர்களும் தன்னார்வலர்களும் இறங்கி லாரி லாரியாகக் குப்பையை அள்ளினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மையம் திறந்தது. முழுமையான புதுப்பிப்பு நடந்தது 1980-களில்தான்!

வரிசையைக் கவனிங்க. முதல்ல ஆட்கள், அப்புறம் துடைப்பம், கடைசியாகத்தான் பெரிய பட்ஜெட். நம்ம ஊரில் இது தலைகீழ். டெண்டர், திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் 'யாருக்கு வாடகைக்கு விடலாம்?' என்ற யோசனையே வருகிறது.

பக்கத்து மாநிலத்திலும் சாட்சி உண்டு. 2012 டிசம்பர் 12-ல் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கியபோது, ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கட்டடங்கள்தான் கண்காட்சிக் கூடங்கள் ஆயின. அரசு ஆதரவு இருந்தது. ஆனால் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கலைஞர்கள் முன்னால் நின்றதால்தான் அது நடந்தது.

'ஆஸ்பத்திரிக்கே காசில்லை, கலைக்கூடம் எதுக்கு?'

நியாயமான கேள்வி. ஆனால் பூட்டிக் கிடக்கும் கட்டடமும் இலவசம் இல்லை. காவலுக்கு ஆள், இடிந்து விழும் அபாயம், ஆக்கிரமிப்பு வழக்கு... இதெல்லாம் நம்ம வரிப்பணம்தான்.

இன்னொரு பக்கம், இடம் இல்லாமல் தவிப்பவர்கள் யார் என்று பாருங்கள். சபாக்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் குவிந்து கிடக்கின்றன. வடசென்னையில் பறை பழகும் பசங்க, மதுரையில் நாடக ஒத்திகை பார்க்கும் குழு, வீட்டில் சத்தம் போட முடியாத ராப் பாடகர் எல்லாருக்கும் மணிக்கணக்கில் வாடகை தந்து ஒத்திகை அறை எடுக்க வசதி இல்லை. மொட்டை மாடியும் கடற்கரையும்தான் அவர்களின் ஸ்டூடியோ.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கலைக்கூடம் என்ற பெயரில் அழகான கஃபே ஒன்று வந்து, பக்கத்துத் தெருவில் வாடகை ஏறி, ஏற்கனவே அங்கே இருந்தவர்களே வெளியேற நேரிடலாம். அதனால் 'உள்ளூர்க் குழுக்களுக்கு இத்தனை மணி நேரம், இந்தக் குறைந்த கட்டணத்தில்' என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

*ஓனர் யாருன்னு கண்டுபிடிங்க:* பட்டா விவரம், வில்லங்கச் சான்று இரண்டையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். அரசுக் கட்டடம் என்றால் எந்தத் துறை, ஏன் பூட்டியிருக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. பத்து ரூபாய்தான் கட்டணம்.

*பயன்படுத்துறவங்க பட்டியல் போடுங்க:* ஆயிரம் பேர் கையெழுத்தைவிட, 'செவ்வாய் மாலை 5 முதல் 7 வரை எங்க சிலம்பக் குழு வரும்' என்று எழுதித் தரும் இருபது குழுக்கள் பெரிசு. அதிகாரியின் மேஜையில் அந்தக் காகிதத்துக்குத்தான் எடை அதிகம்.

*சபையில் பேசுங்க:* கிராமத்தில் கிராம சபை. நகரத்தில் 2022 முதல் ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதில் கலந்திருக்கோம்? கவுன்சிலருக்கு நேராகவே கோரிக்கை வைக்கலாம்.

*சங்கமாகப் பதிவு பண்ணுங்க:* வாட்ஸ்அப் குரூப்புடன் எந்தத் துறையும் ஒப்பந்தம் போடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டத்தில் இடம் இருக்கிறதா என்றும் விசாரிங்க.

*சின்னதா ஆரம்பிங்க:* முழுக் கட்டடமும் வேண்டாம். கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் கிடைக்கிற ஒரு அறையை, மூன்று மாதத்துக்குக் கேளுங்க. வருகைப் பதிவேடு, வரவு-செலவுக் கணக்கு இரண்டையும் ஒழுங்காக வைங்க. அடுத்த அறையைக் கேட்கும்போது அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

அரசும் தன் பக்கத்தில் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு மாநகராட்சியும் தன்னிடம் காலியாக இருக்கும் கட்டடங்களின் பட்டியலை இணையத்தில் போடட்டும். எது காலி என்பதே தெரியாமல் எதைக் கேட்பது?

அதுவரைக்கும், அடுத்த தடவை அந்தப் பழைய தியேட்டரைப் போட்டோ எடுத்துப் போடும்போது, ஹார்ட் விட்ட பத்துப் பேருக்கும் ஒரு மெசேஜ் தட்டுங்க: "ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் பார்க்கலாமா?"