ஆராய்ச்சிக்காரருக்கு அனுமதி வேண்டாமா?

விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டால் பிறகு வாய் திறக்கக் கூடாது என்று நம்மவர்களிலேயே சிலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். சாஸ்திரம் என்று சொல்லி வாயை அடைத்த புரோகிதனை, "யார் சொன்னது? யாருக்கு லாபம்?" என்று கேட்டவர்கள் நாம். அதே கேள்வியை ஆராய்ச்சிக்காரரிடம் மாத்திரம் கேட்காமல் விடுவது பகுத்தறிவு ஆகுமா?

அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில், கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்கின்ற பழங்குடி மக்கள் சில நூறு பேர் வசிக்கின்றார்கள். இவர்களுக்குள் நீரிழிவு நோய் மிகவும் அதிகம். அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தார் 1990 முதல் அங்கு சென்று, நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கலாம் என்று பேசி ரத்தம் எடுத்தார்கள். மக்களும் நம்பிக் கையை நீட்டினார்கள்.

அந்த ரத்தம் நீரிழிவோடு நிற்கவில்லை. மனச்சிதைவு நோயைப் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் பிள்ளை பெறுவதைப் பற்றியும், இவர்களது மூதாதைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும் ஆராய அது பயன்பட்டது. கொடுத்தவர்களுக்கு இது 2003-ல்தான் தெரிந்தது. அதுவும் அக்கூட்டத்துப் பெண் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு கேட்கப் போயிருந்ததால்! வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்து ராஜி செய்துகொண்டது.

"கையெழுத்து வாங்கினோமே" என்பது ஆராய்ச்சிக்காரர் வாதம். வாங்கியது உண்மைதான். நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதற்கு என்று அக்காகிதத்தில் விரிவாக எழுதியிருந்ததும் உண்மைதான். ஆனால் வாயால் பேசியது நீரிழிவைப் பற்றி. அம்மக்களில் பலருக்கு இங்கிலீஷ் தாய்மொழியுமல்ல. புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தலையாட்டச் செய்து தட்சணை வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இங்கே தோழர் ஒருவர் கேட்கலாம்: "தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியதாக அம்மக்கள் நம்புகிறார்கள். ஆராய்ச்சியோ ஆசியாவிலிருந்து வந்த வம்சம் என்கிறது. மூடநம்பிக்கை ஒழிவது நல்லதுதானே?" என்று. அந்த நம்பிக்கையை நாமும் ஒப்பவில்லை. ஆனால் நாம் புராணத்தைக் கண்டித்ததெல்லாம் மேடை போட்டு, முகத்துக்கு நேரே, எதிர்க்கேள்விக்கு இடம் கொடுத்துத்தான். நம்பினவன் மடியில் கைவிட்டு நாம் எதையும் எடுத்ததில்லை. அவன் கொள்கை தப்பாயிருக்கலாம். அதனால் அவன் உடம்பு நம்முடையதாகிவிடுமா? மனிதனை வெறும் கருவியாக மாத்திரம் நடத்தக்கூடாது என்று கான்ட் என்னும் ஜெர்மன் தத்துவாசிரியர் 1785-லேயே எழுதி வைத்தார். சுயமரியாதை என்று நாம் சொல்லுவதும் இதைத்தான்.

அந்தந்த மக்களின் வழக்கத்தையும் மனத்தையும் அறிந்து நடக்கக் கற்றுத் தரவேண்டியது மானிடவியல். அதன் யோக்கியதையும் நமக்குத் தெரியும். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டன் ஜாதி ஜாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். மூக்கு அகலமாக ஆக ஜாதி தாழ்வாகும் என்று ரிஸ்லி என்ற அதிகாரி கணக்குச் சொன்னார். மனுதர்மத்துக்கு அளவுகோல் பிடித்த விஞ்ஞானம் அது! பிறகு 1948-ல் டாக்டர் அம்பேத்கர், மூக்களவுகளைக் கொண்டே, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தார் என்று எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே வைத்தியமானாலும், சரித்திரமானாலும், பொருளாதாரமானாலும், பாஷை ஆராய்ச்சியானாலும், நம் வாசலுக்கு வந்து நம் ரத்தத்தையோ வார்த்தையையோ கேட்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கு எடுக்கிறீர்? அதை எமக்கு விளங்கும்படி சொன்னீரா? வேண்டாம் என்றால் விட்டுவிடுவீரா? யோக்கியமான ஆராய்ச்சிக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். கோபித்துக் கொள்ளுகிறவரை, அவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவரானாலும், வாசலோடு அனுப்பி விடுங்கள்.