ஜெபம் ஓகே... டிபன் சாப்பிட்டியா?

செமஸ்டர் நெருங்கினா போதும், எங்க ஹாஸ்டல்ல ரெண்டு கூட்டம் கிளம்பிடும். ஒண்ணு, அரியர் பயத்துல விடிய விடிய ஜெபம் பண்ற கூட்டம். இன்னொண்ணு, டீயைக் குடிச்சே உயிர் வாழற கூட்டம். எங்க சர்ச் பசங்க பல பேர் ரெண்டுலயும் மெம்பர்! காலையில உபவாசம், ராத்திரி நைட் அவுட், நடுவுல நாலு டீ, ரெண்டு பாக்கெட் சிப்ஸ்.

"உடம்பைக் கவனிக்கிறதெல்லாம் உலகக் காரியம்டா. ஆத்துமாதான் முக்கியம்." மெஸ்ஸுக்குக் கூப்பிட்டப்போ ஒரு சீனியர் அண்ணன் சொன்ன வசனம் இது. வசனம்னா பைபிள் வசனம் இல்லை பாஸ், அவரோட சொந்த வசனம்! பைபிளைத் திறந்தா கதை தலைகீழா இருக்கு.

எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கோங்க. உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து 'போதும், செத்துடலாம்'ங்கிற நிலைமைக்கு வந்துட்டார். தேவதூதன் வந்தான். அட்வைஸ் பண்ணினானா? பிரசங்கம் பண்ணினானா? இல்லை. தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் வெச்சு, 'எழுந்து சாப்பிடு'ன்னான். சாப்பிட்டுத் தூங்கினவரை மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொன்னான். அதுக்கு அப்புறம்தான் நாற்பது நாள் நடை, கடவுளோட பேச்சுவார்த்தை எல்லாம். முதல்ல டிபன், அப்புறம்தான் தரிசனம்!

யவீருவோட பன்னிரண்டு வயசு மகளை இயேசு உயிரோட எழுப்பினதும், சுத்தி நின்னவங்க பிரமிச்சுப் போயிட்டாங்க. அவரோ, 'பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்க'ன்னார். புயல்ல படகு ஆடினப்போ, பின்பக்கம் தலையணை வெச்சுத் தூங்கிட்டிருந்ததும் அவர்தான். கொரிந்து சபைக்கு எழுதின பவுல், உங்க உடம்பு பரிசுத்த ஆவி தங்குற ஆலயம்ங்கிறார். அதே பவுல், அடிக்கடி உடம்பு சரியில்லாமப் போன தீமோத்தேயுவுக்கு, வயித்துக்காகத் தண்ணியோட கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கோன்னு எழுதறார். அந்தக் காலத்து வைத்தியம் அது. (உடனே பார்ட்டிக்கு ப்ளான் போடாதீங்க!)

பழக்கூடையில் விழுந்த பந்து

நம்ம கேம்பஸ் கோர்ட்டுல தினமும் ஆடற பேஸ்கட்பாலுக்கே இதுல ஒரு கதை இருக்கு. கண்டுபிடிச்சவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாக்காரர். மான்ட்ரியல்ல இறையியல் படிச்சவர். படிக்கும்போதே ரக்பி, லக்ராஸ்னு ஆடித் தீர்த்தார். 'போதகராகப் போறவனுக்கு இதெல்லாம் தேவையா?'ன்னு கூடப் படிச்சவங்க சிலர் கவலைப்பட்டு, அவர் ஆத்துமாவுக்காக ஒரு ரூம்ல கூடி ஜெபமே பண்ணினாங்களாம். மனுஷன் அசரலை. ஒரு இளைஞனோட மனசைத் தொட பிரசங்க மேடை மட்டும்தான் வழியா, விளையாட்டு மைதானம் ஆகாதான்னு யோசிச்சார்.

நேரா அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டுல இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் லூதர் குலிக். ஆவி, மனம், உடல் மூணும் சேர்ந்ததுதான் மனுஷன்னு ஒரு முக்கோணத்தை முன்வெச்சவர். 1891 டிசம்பர், வெளியே குளிர்காலம். உள்ளே ஒரே மாதிரி உடற்பயிற்சி செஞ்சு வெறுத்துப் போன ஒரு முரட்டு க்ளாஸ். 'பதினாலு நாள்ல புதுசா ஒரு விளையாட்டு வேணும்'னு குலிக் சொல்ல, நெய்ஸ்மித் ரெண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்துல மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் மேட்ச் ஸ்கோர் 1-0!

அதோட நிக்காம 1898-ல டாக்டர் பட்டமும் வாங்கினார். இறையியல், உடற்கல்வி, மருத்துவம்... மூணும் ஒரே ஆளுக்குள்ளே சண்டை போடாம இருந்தது.

அதே ஒய்.எம்.சி.ஏ. அலைதான் சென்னைக்கும் வந்தது. இங்கே வந்த ஹாரி க்ரோ பக், 1920-ல ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவரே.

'விசுவாசம் இல்லையா?'

சிரிச்சுட்டுப் போக முடியாத ஒரு விஷயமும் இருக்கு. எங்க டிபார்ட்மென்ட் தோழி ஒருத்திக்குச் சின்ன வயசிலேயே டைப் 1 சுகர். தினமும் இன்சுலின் ஊசி போட்டாகணும். ஒரு ஜெபக் குழுவுல அவகிட்ட, 'உபவாச நாள்ல ஊசியை நிறுத்திப் பாரு, விசுவாசம் இருந்தா சுகம் கிடைக்கும்'னு சொல்லியிருக்காங்க.

இது சாதாரண அட்வைஸ் இல்லீங்க. டைப் 1 இருக்கிறவங்க உடம்புல சொந்தமா இன்சுலின் சுரக்கிறது கிட்டத்தட்ட நின்னுபோயிருக்கும். ஊசியையும் நிறுத்தினா, உடம்பு சர்க்கரையை எடுத்துக்க முடியாம கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். ரத்தத்துல அமிலம் ஏறும். ஓரிரு நாள்ல உயிருக்கே ஆபத்து.

அவ சொன்ன பதில் என் மனசுல அப்படியே நின்னுடுச்சு: "விசுவாசம் இல்லாமலா தினமும் விரல்ல குத்திப் பார்க்கிறேன்? நாளைக்கும் உயிரோட இருப்பேன்னு நம்புறதாலதானே குத்துறேன்!"

அவ ஜெபத்துக்குப் போறதை விடலை. இன்சுலின் கிட்டும் டிபன் பாக்ஸும் அவ கூடவே போகுது.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'உடம்பு ஆலயம்'னு சொல்லிட்டு, உடம்பு முடியாதவங்களைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தக் கூடாது. பவுலுக்கே உடம்புல ஒரு முள் இருந்தது. மூணு தடவை வேண்டியும் அது நீங்கலை. அதுக்காக அவர் விசுவாசம் கம்மின்னு யாராவது சொல்லுவோமா? சிக்ஸ் பேக் வெச்சிருக்கிறவன் பரிசுத்தவானும் இல்லை, வீல்சேர்ல வர்றவர் பாவியும் இல்லை. ஆலயம் பெருசா சின்னதாங்கிறது பேச்சில்லை, பெருக்கி விளக்கேத்துறோமாங்கிறதுதான் கேள்வி.

அதை எப்படிச் செய்யறது? பெரிய தியாகமெல்லாம் வேண்டாம். ராத்திரி ஏழு மணி நேரமாவது தூக்கம். படிச்சது மூளையில பதியறதே தூக்கத்துலதான். வாரத்துக்கு 150 நிமிஷம் வேர்க்க நடந்தாலோ விளையாடினாலோ போதும்ங்குது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்துல அஞ்சு நாள், அரை மணி நேரம். உபவாசம் இருக்கணும்னு தோணினா தாராளமா இருங்க. ஆனா சுகர், அல்சர், வேற மாத்திரைன்னு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு இருங்க. சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு நாள் செல்போனை விட்டாலும் அது உபவாசம்தான். நம்மள்ல பல பேருக்கு அதுதான் கஷ்டமான உபவாசம்!

கடைசியா ஒண்ணு. உங்க ரூம்மேட் மூணு நாளா காய்ச்சல்ல படுத்திருந்தா, 'உனக்காக ஜெபிக்கிறேன் மச்சி'ன்னு சொல்லிட்டு நகர்ந்துடாதீங்க. ஜெபிங்க. கூடவே மெஸ்ல கஞ்சி வாங்கிக் கொடுத்து, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவன் ஜெபத்துக்குக் கிடைச்ச பதிலே நீங்களா இருக்கலாம்!