டெவிலா... கடலா?

போன மாசம் ஒரு இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் நான் விட்ட பீட்டர், எனக்கே ஆப்பு வெச்ச கதையைக் கேளுங்க.

எதிரே மூணு பேர். நடுவில் இருந்தவர், ''படிப்பு முடிஞ்சதும் வேலையா, மேல்படிப்பா?'' என்றார். எங்க வீட்டு போனில் தினமும் ஓடுற சீரியலே அதுதான். அப்பாவுக்கு எஜுகேஷன் லோன் கவலை, எனக்கு எம்.டெக். ஆசை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். விதி யாரை விட்டது? முந்தின நாள் ராத்திரிதான் ஒரு ஃப்ரேஸ் புக்கைப் புரட்டியிருந்தேன். ''சார், ஐ யம் பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் ப்ளூ ஸீ!'' என்று எடுத்து விட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்... ''இதில் எங்க கம்பெனி எது தம்பி, டெவிலா, கடலா?''

ரிசல்ட்டை வேற நான் சொல்லணுமாக்கும்!

ரூமுக்கு வந்துதான் யோசிச்சேன். 'ரெண்டுக்கும் நடுவில்' என்று சொல்ல இங்கிலீஷில் ஏகப்பட்ட ஃப்ரேஸ் இருக்கு. ஆனா, எல்லாம் ஒரே நடு இல்லை பாஸ்! டெவில், கடல்னு சொன்னா, எந்தப் பக்கம் போனாலும் சங்குதான்னு அர்த்தம். நம்ம இருதலைக்கொள்ளி எறும்பு. ராபர்ட் மன்ரோ என்ற ஸ்காட்லாந்து படைவீரர் 1637-ல் வெளியிட்ட போர் அனுபவப் புத்தகத்திலேயே இது இருக்கு. அப்போ வெறும் 'டீப் ஸீ'தான். ப்ளூ பெயின்ட் பின்னாடி அடிச்சது.

எனக்குத் தேவைப்பட்டது 'ஆன் தி ஃபென்ஸ்'. வேலி மேல உட்கார்ந்திருக்கேன், எந்தப் பக்கம் குதிக்கிறதுன்னு முடிவு பண்ணலை, அவ்வளவுதான். அட, நம்ம மதில் மேல் பூனை!

'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் ப்ளேஸ்' அமெரிக்கச் சரக்கு. 1921-ல் அந்த ஊர் வட்டார வழக்குகளைத் திரட்டினவங்க, அரிசோனா பக்கத்துப் பேச்சுன்னு குறிச்சு, 'திவாலாவது'ன்னு அர்த்தம் போட்டிருக்காங்க. இதை நிஜமாவே அனுபவிச்சவர் ஏரன் ரால்ஸ்டன். 2003-ல் யூட்டா மாகாணத்தில் ஒரு குறுகலான மலையிடுக்கில் தனியா இறங்கினப்போ, பாறை ஒண்ணு உருண்டு அவர் வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடிச்சிருச்சு. எங்கே போறேன்னு யார்கிட்டயும் சொல்லிட்டும் வரலை. அஞ்சு நாள் கழிச்சு, தன் கையைத் தானே அறுத்துக்கிட்டு வெளியே வந்தார். அவர் எழுதின புத்தகத்தோட பேரே இந்த ஃப்ரேஸ்தான். அதுதான் 2010-ல் '127 ஹவர்ஸ்' படமா வந்துச்சு. மியூசிக், நம்ம ரஹ்மான்! படம் பார்த்ததில் இருந்து, ஒரே நாளில் ரெண்டு அசைன்மென்ட் விழுந்தா இந்த ஃப்ரேஸைச் சொல்ல எனக்கு வாய் வர்றதில்லை.

'ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்' தனி ரகம். கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்ஸன், வாசல் பக்கத்துல நிக்கிற குதிரையைத்தான் தருவாராம். வேணாமா, நடையைக் கட்டு! இதுல நடுவும் கிடையாது, சாய்ஸும் கிடையாது. ஹாஸ்டல் மெஸ் உப்புமா மாதிரி.

அன்னிக்கு ராத்திரி அப்பா போன் பண்ணினார். ''என்னப்பா முடிவு பண்ணியிருக்கே?''

''மதில் மேல் பூனையா இருக்கேன்பா.''

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா சொன்னார்... ''பூனைக்கு அவசரமில்லப்பா. லோனுக்குத்தான் தேதி இருக்கு.''