ஈடு என்ன ஈடு?

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், லேத் வாங்க ஒரு பாங்கில் கடன் கேட்டார். "ஈடு என்ன?" என்றார்கள். கைத்தொழில்தான் என்றார். அது செல்லவில்லை.

கடலூர் போகும் வழியில் பெரியகுப்பத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 60 லட்சம் டன் சுத்திகரிக்கத் திட்டமிட்ட நாகார்ஜுனா எண்ணெய் ஆலைக்குப் பாங்குகள் கோடி கோடியாய்க் கொடுத்தன. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது, வேலை முடங்கியது. 2018இல் கம்பெனியே கலைப்புக்குப் போயிற்று. அங்கே ஈடு இல்லாமலா கொடுத்தார்கள்?

பெரிய தொழில் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பாங்கில் இருப்பது நம் சேமிப்பு. 1969இல் 14 பாங்குகளை அரசுடைமையாக்கியது சிறியவனுக்கும் கதவு திறக்கத்தானே? ஈடு உள்ளவனுக்கே கடன் என்றால், தொழில் தெரிந்தவன் எங்கே போவான்?