ஒரு விதை வலிக்காது

அப்போதெல்லாம் எங்கள் தெருமுனை வீடியோ கடையில் ஒரு படத்துக்கு இரண்டு சிடி கொடுப்பார்கள். ‘எ பக்ஸ் லைஃப்’ வாடகைக்கு எடுத்து வந்தால், நானும் தம்பியும் சண்டை வருகிற இடமாகப் பார்த்துத்தான் ஓட்டுவோம். எறும்புகள் கட்டிய பொய்ப் பறவை பறக்க வேண்டும், வெட்டுக்கிளிகள் தலைதெறிக்க ஓட வேண்டும். நடுவில் யாராவது உட்கார்ந்து பேசினால் ரிமோட்டைத் தேடுவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்காக அதே படத்தைப் போட்டேன். இந்த முறை எதையும் ஓட்டித் தாண்டவில்லை. நாங்கள் அன்று தாண்டிப்போன பேச்சில்தான் படமே இருக்கிறது!

1998இல் பிக்சார் எடுத்த படம். இயக்கியவர் ஜான் லாசெட்டர். ஆண்டுதோறும் எறும்புகள் தானியம் சேர்த்து ஒரு கல்லின் மேல் படையலாக வைக்க வேண்டும். வெட்டுக்கிளிகள் வந்து தின்றுவிட்டுப் போகும். ஈசாப் கதையில் எறும்பிடம் கையேந்தி நின்ற வெட்டுக்கிளி, இங்கே கப்பம் வசூலிக்கிறது.

நான் சொல்லும் காட்சி வெட்டுக்கிளிகளின் கூடாரத்தில் நடக்கிறது. தின்னத்தான் இங்கேயே கிடக்கிறதே, திரும்பவும் அந்த எறும்புகளிடம் எதற்குப் போக வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு எழுகிறது. நியாயமான கேள்விதான். தலைவன் ஹாப்பர் கோபப்படவில்லை. ஒரு விதையை எடுத்து, கேட்டவன் மேல் எறிகிறான். வலித்ததா? இல்லை. இன்னொன்று. அதுவும் வலிக்கவில்லை, சிரிக்கிறார்கள். பிறகு மொத்த விதையையும் திறந்துவிடுகிறான். சிரித்தவர்கள் குவியலுக்கு அடியில் போய்விடுகிறார்கள்.

அதற்கப்புறம்தான் பாடம். நம்மில் ஒருவனுக்கு அங்கே நூறு எறும்பு. அது அவர்களுக்கு உறைத்த அன்றைக்கு நம் பிழைப்பு முடிந்தது. ஆகவே, நாம் போவது சாப்பாட்டுக்காக அல்ல, அவர்கள் தலை நிமிராமல் இருப்பதற்காக.

கப்பம் எதற்கு என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன அரசியல் வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டு பிரான்சில் லா போயசி என்ற இளைஞர், தானாக விரும்பி ஏற்கும் அடிமைத்தனம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கொடுங்கோலனின் பலம் முழுக்க மக்கள் கொடுத்தது. அவனை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை, தாங்கிப் பிடிப்பதை நிறுத்தினால் போதும், தானே விழுவான் என்பது அவர் வாதம். அவர் மக்களிடம் சொன்னதை ஹாப்பர் தன் கூட்டத்திடம் மட்டும் சொல்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம். ஆள்கிறவனுக்கு இந்தக் கணக்கு எப்போதும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

கடைசியில் எறும்புகளும் எண்ணிப் பார்க்கின்றன, கைகோத்து முன்னேறுகின்றன, வெல்கின்றன. ஆனால் படம் முடிவதற்குள்ளேயே ராணியின் கிரீடம் மகள் தலைக்குப் போகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடித்துப் பிடுங்கியவனைக் கேள்வி கேட்ட எறும்புகளுக்கு, அரியணையைக் கேட்கத் தோன்றவே இல்லை. நிஜப் புற்றில் உழைப்பதெல்லாம் பெண் எறும்புகள். படத்தில் புரட்சி செய்கிற நாயகன் ஆண். துணிச்சலான படம்தான், ஓரளவுக்கு.

படம் முடிந்ததும் மகள் பறவை வருகிற இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். அந்த வயதுக்குப் பறவை போதும். உங்கள் வீட்டிலும் பழைய கார்ட்டூன் ஏதாவது ஓடினால் கூட உட்காருங்கள். வில்லன் பேச ஆரம்பிக்கும்போது மட்டும் ரிமோட்டை எட்ட வைத்துவிடுங்கள்.