வெப்பச் செலவும் பங்கீட்டுக் கணக்கும்

வருடாந்தச் சூடாக்கற் செலவுக் கணக்கு வீட்டுக்கு வந்ததும், "இஃதென்ன மாஸ்ரர், குளிருக்கும் வரியா?" என்று அன்பரொருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இவ்வாரம் அதனையே சிந்திப்போம்.

இயற்கையைக் காத்தவாறே வாழ்வை உயர்த்த இருவழிகள் பேசப்படுகின்றன. எரிபொருளின் விலையை உயர்த்தினால் பாவனை தானே குறையும் என்பது சந்தையின் வழி. உள்ளோரிடம் பெற்று இல்லோர்க்கு அளிப்பது பங்கீட்டின் வழி. முன்னது மட்டுமாயின் செல்வந்தர் வீட்டில் அனல் குறையாது. வறியவர் வீட்டில் குளிர் மிகும். பின்னது மட்டுமாயின் புகை குறையாது.

நாம் வாழும் சுவிற்சர்லாந்து இரண்டையும் இணைத்துப் பார்த்தது. சூடாக்கும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் மீது 2008 இல் ஓர் அறவீட்டை விதித்தது. ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு அன்று 12 பிராங். 2022 முதல் 120 பிராங். அவ்வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் மீளளிக்கப்படுகிறது. மீதியில் பெரும்பகுதி கட்டடங்களைச் சீரமைக்கச் செல்கிறது. மக்களின் பங்கு தலைக்குச் சமம், கைக்குழந்தைக்கும் உண்டு. சிறு வீட்டில் வாழும் அறுவருக்கு ஆறு பங்கு. மாளிகையில் தனித்திருப்பவருக்கு ஒன்றே. ஆகவே, குறைவாக எரிக்கும் பெரிய குடும்பம் பெரும்பாலும் நட்டமடைவதில்லை.

எனினும் குறைகள் உள. கொதிகலனைத் தெரிபவர் வீட்டுச் சொந்தக்காரர். கட்டணம் செலுத்துபவர் வாடகைக்கு இருப்பவர். மாற்ற முடியாதவனிடம் விலை எதைச் சொல்லித் திருத்தும்? மேலும், மீளளிப்பு மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிக்கப்படுவதால் கண்ணிற் படுவதில்லை. செலவு தெரிகிறது, வரவு மறைகிறது. 2021 யூனில் இவ்வறவீட்டை மேலும் உயர்த்த இடமளிக்கும் சட்டமொன்றை வாக்காளர் 51.6 வீதத்தால் நிராகரித்தனர். கனடாவில் 2019 முதல் நடைமுறையிலிருந்த எரிபொருள் அறவீடு 2025 ஏப்ரலில் நுகர்வோர்க்கு நீக்கப்பட்டது. அத்துடன் குடும்பங்களுக்கு வந்துகொண்டிருந்த மீளளிப்பும் முடிவுற்றது.

அன்பருக்கு நான் கூறியது இதுவே: காப்புறுதிக் கடிதத்தை எடுத்து, மொழியறிந்த பிள்ளைகளைக் கொண்டு அந்த ஒரு வரியைத் தேடுங்கள். சூடாக்கற் கணக்குடன் ஒப்பிடுங்கள். வரி சரியா பிழையா என்று அதன்பின் வாதிடுவோம். தனக்குரிய பங்கு எதுவென்று அறியாதவன் அதனை இழக்கும்போதும் அறியமாட்டான்.